பன்னிரண்டாவது ஆளும் பாழாப்போன ஆல்ரவுண்டரும்

சுத்தி வளைக்காம முதல் வரியிலயே சொல்லிடறேன். ஐபிஎல்ல இருக்கிற 'இம்பாக்ட் பிளேயர்' விதியைத் தூக்கணும். "கொஞ்சம் திருத்தலாம், இத்தனாவது ஓவருக்குள்ளன்னு ஒரு கட்டுப்பாடு வைக்கலாம்"னு பஞ்சாயத்து எல்லாம் வேணாம். முழுசா தூக்கணும்.

கிரிக்கெட் பார்க்காத நண்பர்களுக்காக விதியைச் சுருக்கமா சொல்றேன் (பார்க்கிறவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க). டாஸ் போடும்போது 11 பேர் கொண்ட அணியோட சேர்த்து சில மாற்று வீரர்கள் பேரையும் கேப்டன் கொடுப்பார். ஆட்டத்துக்கு நடுவுல, ஓவர் முடிஞ்சதும், விக்கெட் விழுந்ததும், இல்ல இன்னிங்ஸ் இடைவேளையில, அந்த 11 பேர்ல ஒருத்தரை வெளியே அனுப்பிட்டு மாற்று வீரர்கள்ல ஒருத்தரை உள்ளே கொண்டு வரலாம். பழைய காலத்து 'சப்ஸ்டிட்யூட்' மாதிரி ஃபீல்டிங் மட்டும் பண்ற ஆள் இல்ல இவர். முழுசா பேட் பண்ணலாம், நாலு ஓவர் முழுசா போடலாம். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. 2022 சையது முஷ்டாக் அலி டிராபியில சோதனை பண்ணிட்டு, 2023ல ஐபிஎல்லுக்குக் கொண்டு வந்தாங்க.

முதல் தடவையா இது ஐபிஎல்ல நடந்தது 2023 மார்ச் 31, அகமதாபாத். சென்னைக்கும் குஜராத்துக்கும் மேட்ச். பேட்டிங் முடிச்ச அம்பாட்டி ராயுடுவை உட்கார வச்சிட்டு, பந்து வீச துஷார் தேஷ்பாண்டேவை இறக்கினார் தோனி. குஜராத் பக்கம் காயம்பட்ட வில்லியம்சனுக்குப் பதிலா வந்தது நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 2019 உலகக் கோப்பைக்கு ராயுடுவை விட்டுட்டு நம்ம விஜய் சங்கரை எடுத்தாங்க. ஏன்னு கேட்டப்போ, அவர்கிட்ட பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங்னு மூணு பரிமாணம் இருக்குன்னு தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் விளக்கம் சொன்னார். உலகக் கோப்பையைப் பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் பண்ணிட்டேன்னு ராயுடு ட்விட்டர்ல நக்கலடிச்சதும், ஊரே அதை வச்சு சிரிச்சதும் ஞாபகம் இருக்கும். நாலே வருஷம். ஐபிஎல்ல பேட்டிங் முடிச்சதும் வெளியே போன முதல் ஆள் அதே ராயுடு. எதிரணியில ஆடிட்டு இருந்தவர் அதே விஜய் சங்கர். மூணு பரிமாணம் இருக்கிற ஆள் எதுக்கு? ஒரு பரிமாணம் வச்சிருக்கிற ரெண்டு பேர் போதும்னு அன்னைக்கு முடிவாயிடுச்சு.

கணக்கு சிம்பிள்

டி20ல 20 ஓவர். ஒருத்தர் அதிகபட்சம் 4 ஓவர். ஆக அஞ்சு பவுலர் கட்டாயம். 11 பேர்ல அஞ்சு பேர் முழுநேர பவுலர்னா, மிச்சம் கீப்பரோட சேர்த்து ஆறு பேட்ஸ்மேன். ஆறு விக்கெட் போனா கதை முடிஞ்சது. அஞ்சு பவுலர்ல ஒருத்தன் அடி வாங்கினாலும் கதை முடிஞ்சது. இந்த நெருக்கடிதான் ஆல்ரவுண்டரை உருவாக்கிச்சு. "ஆறாவது, ஏழாவது இடத்துல இறங்கி 15 பந்துல 25 அடிக்கணும், தேவைப்பட்டா மூணு ஓவரும் போடணும். அப்படி ஒருத்தன் வேணும்"னு ஒவ்வொரு கேப்டனும் தேடித்தான் ஆகணும்.

இப்போ 12 பேர். அஞ்சு பவுலரும் வேணும், ஏழு பேட்ஸ்மேனும் வேணும்னா, ரெண்டும் கிடைக்குது. இடையில இருந்தவனுக்கு என்ன வேலை? அவன் பேட்டிங் முழுநேர பேட்ஸ்மேன் அளவுக்கு வராது, பவுலிங் முழுநேர பவுலர் அளவுக்கு வராது. ரெண்டையும் ஒரே சீட்டுல கொடுக்கிறதுதான் அவனோட மதிப்பு. சீட்டே கூடுதலா ஒண்ணு கிடைச்சா அந்த மதிப்பு பூஜ்யம். பி.காம் படிக்கிறவனுக்கு இதை விளக்கவே வேணாம். ஒரு பொருளோட விலை அதோட தரத்தால மட்டும் வர்றதில்ல, தட்டுப்பாட்டாலயும்தான் வருது. இங்க தட்டுப்பாட்டை விதி போட்டு ஒழிச்சிட்டாங்க.

சும்மா தியரி பேசலை. ஷிவம் துபேயைப் பாருங்க. 2023 ஐபிஎல்ல சென்னைக்காக 418 ரன். வீசின பந்து? ஒண்ணு கூட இல்ல. 2024ல 396 ரன். வீசினது சீசன் முழுக்க ஒரே ஒரு ஓவர். அதுலயும் ஒரு விக்கெட் எடுத்தார்! சென்னை பந்து வீசும்போது பல மேட்ச்ல அவர் டக்அவுட்ல உட்கார்ந்திருந்தார், அவர் இடத்துல ஒரு முழுநேர பவுலர் இருந்தார். "அவருக்குப் பந்து வீசத் தெரியாது, அதான் கொடுக்கலை"ன்னு சொல்லாதீங்க. 2025 ஆசியக் கோப்பையில அமீரகத்துக்கு எதிரா 4 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தவர் இவர்தான். அதே கோப்பையோட ஃபைனல்ல, பாகிஸ்தானுக்கு எதிரா, ஹர்திக் காயத்தால இல்லாதப்போ புதுப் பந்தை கையில வாங்கினவரும் இவர்தான். பேட்டிங்ல 22 பந்துல 33. கொடுத்தா போடுவார். ஐபிஎல்ல கொடுக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரலை.

அடுத்து வாஷிங்டன் சுந்தர். 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா மைதானத்துல முதல் டெஸ்ட்லயே முதல் இன்னிங்ஸ்ல 3 விக்கெட், அப்புறம் 62 ரன், ஷர்துலோட சேர்ந்து 123 ரன் பார்ட்னர்ஷிப். அந்த டெஸ்ட் என்ன ஆச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல. 2024 ஐபிஎல்ல ஹைதராபாத் அவரை ஆட வச்சது ரெண்டே மேட்ச். அதே வருஷம் அக்டோபர்ல புனே டெஸ்ட்ல நியூசிலாந்துக்கு எதிரா 11 விக்கெட் எடுத்தார். 2025 ஜூலையில லார்ட்ஸ்ல 22 ரன்னுக்கு 4 விக்கெட், அடுத்த டெஸ்ட்ல மான்செஸ்டர்ல 101 நாட் அவுட், ஜடேஜாவோட நின்னு மேட்சைக் காப்பாத்தினார். இந்தியாவோட சிறந்த 15 பேர்ல இடம் கிடைக்கிற ஆளுக்கு பத்து ஐபிஎல் அணியில ஒண்ணுலயும் 11ல இடமில்லையேன்னு 2025 மார்ச்ல ஒரு ரசிகர் ட்விட்டர்ல புலம்பினார். எனக்கும் அதே சந்தேகம்தான்னு பதில் போட்டவர் யாரு தெரியுமா? கூகுளோட சுந்தர் பிச்சை. கூகுள்லயே விடை கிடைக்கலை பாருங்க :-)

நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சு சொல்லலை. 2024 ஏப்ரல்லயே ரோஹித் ஷர்மா இந்த விதி தனக்குப் பிடிக்கலை, ஆல்ரவுண்டர்களைப் பின்னுக்கு இழுக்குதுன்னு வெளிப்படையா சொன்னார். உதாரணத்துக்கு அவர் எடுத்த பேரு ரெண்டும் துபே, வாஷிங்டன்தான். அடுத்த மாசம் கோலியும் அவரோட ஒத்துப்போனார். அப்போ நாட்டோட கேப்டனா இருந்தவர் சொல்லியும் நடந்தது என்ன? 2024 செப்டம்பர்ல, விதியை 2027 சீசன் வரைக்கும் நீட்டிச்சிட்டாங்க.

இந்தப் படத்தை அமெரிக்கா முன்னாடியே பார்த்துடுச்சு

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியும்ல? கையில பந்தைத் தூக்கிட்டு ஓடறதுக்கு ஃபுட்பால்னு பேர் வச்சிருக்காங்களே, அதேதான். அதுவும் பக்கத்துக்கு 11 பேர் ஆட்டம். ஆரம்பத்துல தாக்குதலும் தடுப்பும் அதே 11 பேர்தான் ஆடணும். கிட்டத்தட்ட நம்ம சடுகுடு மாதிரி. பாடிட்டுப் போறவனே திரும்பி வந்து பிடிக்கவும் செய்யணும். 60 நிமிஷ ஆட்டத்துல 60 நிமிஷமும் களத்துல நிக்கிறவன்தான் ஆளுன்னு பேரு.

இரண்டாம் உலகப் போர்ல வீரர்கள் ராணுவத்துக்குப் போயிட்டாங்க. ஆள் பத்தலை. இருக்கிறவங்களை வச்சு சமாளிக்க 1943ல தொழில்முறை லீக்ல தாராளமா ஆள் மாத்திக்கலாம்னு விட்டாங்க. போர் முடிஞ்சு அதைத் திரும்ப இறுக்கிப் பார்த்தாங்க. ஆனா ருசி கண்ட பூனை விடுமா? 1950ல நிரந்தரமாவே திறந்து விட்டுட்டாங்க. தாக்க ஒரு படை, தடுக்க ஒரு படை. பத்தே வருஷத்துல ரெண்டு பக்கமும் ஆடற ஆள் அருங்காட்சியகப் பொருள் ஆயிட்டான். 1960 டிசம்பர் 26, சாம்பியன்ஷிப் மேட்ச். ஃபிலடெல்ஃபியா அணியோட சக் பெட்னாரிக் ரெண்டு பக்கமும் ஆடினார். கிரீன் பே அணியோட கடைசி முயற்சியில ஜிம் டெய்லரை மடக்கிப் பிடிச்சு 17க்கு 13னு கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 'கடைசி 60 நிமிஷ மனுஷன்'னு இன்னைக்கும் அவரைச் சொல்றாங்க. கடைசி! அந்த வார்த்தையை கவனிங்க.

அதுக்கப்புறம் எங்கேயோ ஒருத்தர், அதுவும் எப்பவாவது. 2025ல ஜாக்சன்வில் அணி டிராவிஸ் ஹன்டரை ரெண்டாவது ஆளா தேர்ந்தெடுத்தப்போ, "இவன் ரெண்டு பக்கமும் ஆடுவானாம்"னு அமெரிக்காவே வாயைப் பிளந்தது. ஒரு காலத்துல களத்துல நின்ன அத்தனை பேரும் பண்ண வேலை அது. முழங்கால் காயத்தால அவரோட முதல் சீசன் பாதியில முடிஞ்சதும், "பார்த்தியா, இதெல்லாம் இந்தக் காலத்துல முடியாது"ன்னு சொல்ல ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. அறுபது எழுபது வருஷம் யாரையும் பழக்காம விட்டுட்டு, இப்போ ஒருத்தன் வந்தா முடியாதுன்னு சொல்றது என்ன நியாயம்?

ஒரே ஒரு வித்தியாசம். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அந்த லீக்தான் உச்சம். அதுக்கு மேல நாட்டுக்காக ஆட வேண்டிய பெரிய மேட்ச் எதுவும் அவங்களுக்குக் கிடையாது. நமக்கு இருக்கு. அங்கதான் வயித்தெரிச்சல்.

லாபம் உனக்கு, நட்டம் ஊருக்கு

ஆடம் ஸ்மித் 1776ல எழுதின குண்டூசிக் கதை எங்க முதல் வருஷ எகனாமிக்ஸ்லயே வந்துடும். குண்டூசி பண்றதை 18 வேலையா பிரிச்சு பத்து பேர்கிட்ட கொடுத்தா ஒரு நாளைக்கு 48,000 குண்டூசி. ஒருத்தனே எல்லாத்தையும் பண்ணா ஒரு நாளைக்கு இருபது கூட வராது. "பாத்தியா, ஸ்பெஷலிஸ்ட்தான் பெஸ்ட். ஐபிஎல்லும் அதைத்தான் பண்ணுது"ன்னு நம்ம நண்பர்கள் சிலர் இதை வச்சு வாதாடறாங்க.

ரெண்டு பதில். ஒண்ணு, அதே ஸ்மித் அதே புத்தகத்துல பின்னாடி, வாழ்க்கை பூரா ஒண்ணு ரெண்டு வேலையை மட்டுமே செய்யறவன் மழுங்கிப் போயிடுவான், அரசாங்கம்தான் இதுக்கு ஏதாவது பண்ணணும்னும் எழுதியிருக்கார். அது பரீட்சைக்கு வராது, அதனால யாரும் படிக்கறதில்ல. ரெண்டு, குண்டூசி தொழிற்சாலையில உற்பத்தி எவ்வளவு தேவையோ அவ்வளவு ஆள் வச்சுக்கலாம். கிரிக்கெட்ல முடியாது. சர்வதேச மேட்ச்ல 11 பேர்தான். ஐசிசி அங்க இம்பாக்ட் பிளேயர் எல்லாம் கொடுக்கலை. அதாவது 12 பேர் தொழிற்சாலையில பழக்கின ஆட்களை, 11 பேர் மட்டும் ஆடற தொழிற்சாலைக்கு அனுப்பறோம்.

தொழிற்சாலை லாபம் பார்க்குது, அதோட கழிவு பக்கத்து ஊர் ஆத்துல போகுது. இதைப் புறவிளைவுன்னு சொல்வாங்க. ஐபிஎல் சிக்ஸர் வித்து காசு பார்க்குது. ஆல்ரவுண்டர் இல்லாத குறையை இந்திய அணி சுமக்குது.

அந்தக் குறை எப்படி இருக்கும்னு பார்க்கணுமா? 2023 உலகக் கோப்பை. புனேல பங்களாதேஷ் மேட்ச்ல ஹர்திக் பாண்டியா கணுக்கால்ல அடிபட்டு வெளியே போனார். அவருக்கு மாற்றா பேட்டும் பந்தும் தெரிஞ்ச இன்னொரு வேகப்பந்து ஆள் நம்மகிட்ட இல்ல. அஞ்சே பவுலரோட ஃபைனல் வரைக்கும் ஜெயிச்சுட்டே போனோம், சரி. நவம்பர் 19, அகமதாபாத். எட்டாவது இடத்துலேர்ந்து ஷமி, பும்ரா, குல்தீப், சிராஜ். இவ்வளவு நீளமான வாலை வச்சுக்கிட்டு கே.எல். ராகுல் எப்படி அடிச்சு ஆடுவார்? 107 பந்துல 66. முதல் பத்து ஓவருக்கு அப்புறம் மொத்த இன்னிங்ஸ்ல நாலே பவுண்டரி. 240 ரன். அப்புறம் ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்க்கும்போது ரோஹித் கையில ஆறாவதா ஒரு பவுலர் இல்ல. இந்த விதி வந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது, அதனால இந்தத் தோல்விக்கு விதியைக் குத்தம் சொல்லலை. ஆல்ரவுண்டர் பஞ்சம் இப்படித்தான் இருக்கும்னு சொல்றேன். இருக்கிற பஞ்சத்துல விதை நெல்லையும் வறுத்துத் திங்கிறோம்னு சொல்றேன்.

இப்போ மறுபக்கம். 2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை ஃபைனல். மூணு விக்கெட் சரசரன்னு போனதும் அக்சர் படேலை மேல அனுப்பினாங்க. 31 பந்துல 47. துபே 16 பந்துல 27. கடைசி ஓவர் ஹர்திக் கையில, 20 ரன்னுக்கு 3 விக்கெட். அக்சர், ஹர்திக், ஜடேஜா, துபேன்னு நாலு ஆல்ரவுண்டரை ஒரே அணியில வச்சிருந்ததாலதான் அந்தக் கோப்பை. நாலு பேருமே இம்பாக்ட் விதி வர்றதுக்கு முன்னாடியே இந்தியாவுக்கு ஆடினவங்க. ஜடேஜா 2009, அக்சர் 2014, ஹர்திக் 2016, துபே 2019. அந்த ஃபைனல் முடிஞ்சதும் டி20லேர்ந்து ஜடேஜா ஓய்வும் வாங்கிட்டார். அடுத்த நாலு பேர் எங்கேர்ந்து வருவாங்க?

"நிதிஷ் குமார் ரெட்டி வந்தாரே"ன்னு கேப்பீங்க. வந்தார், நல்ல பையன். மெல்போர்ன்ல செஞ்சுரியும் போட்டார். ஆனா அவர் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஐபிஎல்ல அவர் அடிச்சது 303 ரன், எடுத்தது 3 விக்கெட். அவரையும் பேட்ஸ்மேனாத்தான் வளர்த்தாங்க. பந்து வீச்சை டெஸ்ட் மேட்ச்ல வந்து கத்துக்கோன்னு விட்டிருக்காங்க.

எதிர்த்தரப்பு வாதங்கள்

*"புதுப் பசங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு."* ஜெய் ஷா சொன்ன காரணம் இது. ஒரு மேட்சுக்கு ரெண்டு இந்தியர்களுக்குக் கூடுதல் இடம். துருவ் ஜுரெல் இப்படி வந்தவர்தான், மறுக்கலை. ஆனா வாய்ப்புதான் குறின்னா 15 பேரை இறக்குங்களேன், யார் வேணாம்னது? இன்னும் நாலு பேருக்கு வாய்ப்பு கிடைக்கும். ஒரு இடத்தைக் கூட்டி, ஒரு ஜாதி ஆட்டக்காரனையே ஒழிக்கிறதுக்குப் பேர் வாய்ப்பு இல்ல.

*"வியூகம் அதிகமாகுது."* நம்ம அஸ்வின் 2024ல பேசினது. ஹைதராபாத் 2024 குவாலிஃபயர்ல சேப்பாக்கத்துல ஷாபாஸ் அகமதை இம்பாக்ட் பிளேயரா இறக்கினதை உதாரணம் காட்டினார். பேட்டிங்ல 18, பவுலிங்ல 3 விக்கெட், ஆட்டநாயகன். அஸ்வின் அண்ணே, உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு தெரியாது. ஆனா நீங்க காட்டின உதாரணமே ஒரு ஆல்ரவுண்டர்! அவரை முதல்லயே 11ல வைக்காம வெளியே உட்கார வச்சிருந்ததுதான் என் புகார். சேப்பாக்கத்துல 2021ல இங்கிலாந்துக்கு எதிரா அஞ்சு விக்கெட்டும் செஞ்சுரியும், 2024ல பங்களாதேஷுக்கு எதிரா 113 ரன்னும் ஆறு விக்கெட்டும் எடுத்த நீங்களே இந்த விதிக்கு வக்காலத்து வாங்கறது, பனை ஏறத் தெரிஞ்சவரே ஏணிக்கு விளம்பரம் பண்ற மாதிரி இருக்கு. வியூகம்னா கையில இருக்கிற பதினோரு காயை வச்சு ஆடறது. நடுவுல ஒரு காயை மாத்திக்கிறது வியூகம் இல்ல, சலுகை.

*"ஜனங்களுக்கு ரன் வேணும்."* 2013ல பெங்களூர் அடிச்ச 263 பதினோரு வருஷம் சாதனையா நின்னது. 2024ல ஒரே சீசன்ல நாலு தடவை அதைத் தாண்டினாங்க: 277, 272, 287, 266. கொல்கத்தா 261 அடிச்சும் பஞ்சாப் எட்டு பந்து மிச்சம் வச்சு ஜெயிச்சது. எட்டாவது ஆள் வரைக்கும் பேட்ஸ்மேன் இருந்தா முதல் பந்துலேர்ந்து சுத்தலாம், எவன் அவுட்டானா என்ன. நாலாவது சிக்ஸருக்கு நீங்க கை தட்டினீங்களா? நானும் தட்டலை. கல்யாண வீட்டுல எல்லா இலையிலயும் பாயசமே ஊத்தினா எவ்வளவு நேரம் சாப்பிட முடியும்?

*"ஆட்டம்னா மாறத்தான் செய்யும்."* மாறட்டும். ஆனா இதே மாற்றத்தை ஐசிசி 2005 ஜூலையில 'சூப்பர்சப்'னு ஒருநாள் போட்டியில கொண்டு வந்து, ஒரு வருஷம் கூட ஓடாம 2006லயே குப்பையில போட்டுச்சு. முதல் சூப்பர்சப்பா இறங்கின இங்கிலாந்து வீரர் விக்ரம் சோலங்கி. 2023ல அந்த முதல் இம்பாக்ட் மேட்ச் நடந்தப்போ குஜராத் அணியோட கிரிக்கெட் டைரக்டர் அவர்தான். சிரிச்சிருப்பாரா அழுதிருப்பாரா?

எங்க ஊர்ல இருந்து பார்த்தா

இதெல்லாம் கோடீஸ்வரங்க பிரச்சினை, திருவண்ணாமலையில உட்கார்ந்துட்டு உனக்கென்னன்னு கேக்கலாம். எனக்குத்தான் இருக்கு.

எங்க ஊர் மாதிரி ஊர்ல கிரிக்கெட்னா டென்னிஸ் பால். ஏரிக்கரையோ காலி மனையோ, எட்டு ஓவர், பத்து ஓவர் மேட்ச். இங்க யாரும் 'டாப் ஆர்டர் ஸ்பெஷலிஸ்ட்' கிடையாது. எல்லாரும் போடணும், எல்லாரும் அடிக்கணும். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலேர்ந்து நடராஜன் மாதிரி யார்க்கர் ஒண்ணையே உலகத் தரத்துல போடற ஆள் பத்து வருஷத்துக்கு ஒருத்தன் வருவான். மத்தவன் எல்லாம் ரெண்டுலயும் எழுபது மார்க் வாங்கறவன். அவனுக்கு இருந்த ஒரே வாசல் ஆல்ரவுண்டர் வாசல். தொண்ணூத்தஞ்சு மார்க் பேட்ஸ்மேன் ஆக டர்ஃப் விக்கெட், பவுலிங் மெஷின், கோச், சென்னையில வாடகை வீடு எல்லாம் வேணும். அப்பாகிட்ட காசு வேணும். ரெண்டுல எழுபது வாங்க உழைப்பு இருந்தா ஓரளவு முடியும். இந்த விதி மூடறது அந்த வாசலை.

மேல மூடினா கீழயும் மூடும். 2023ல டிஎன்பிஎல்லும் இதே விதியை எடுத்துக்கிச்சு. மேட்ச்ல பந்து கிடைக்காத பையன் எதுக்கு நெட்ல பந்து வீசப் பழகணும்? "பேட்டிங்கை மட்டும் பாருடா"ன்னுதான் எந்த கோச்சும் சொல்வார். சொல்றதுல தப்பும் இல்ல, அவர் மார்க்கெட்டைப் பார்த்து சொல்றார். பதினஞ்சு வயசுல விட்ட பவுலிங் இருபத்தஞ்சுல திரும்ப வராது.

பௌர்ணமிக்கு எங்க ஊருக்கு வர்றவங்களுக்குத் தெரியும், கிரிவலம் 14 கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டர் நான் நடக்கிறேன், மிச்ச ஏழை என் தம்பி நடப்பான்னு ஒருத்தர் சொன்னா அதுக்குப் பேர் கிரிவலமா? நடந்தது என்னவோ 14 கிலோமீட்டர்தான். ஆனா சுத்தி வந்தவன்னு சொல்லிக்க ஒருத்தனும் இல்ல.

பிசிசிஐக்கு இது தெரியாம இல்ல. சோதனை ஆரம்பிச்ச அதே சையது முஷ்டாக் அலி டிராபியில 2024 சீசன்லேர்ந்து இந்த விதியை அவங்களே எடுத்துட்டாங்க. ஒரே டி20 ஆட்டம், ஒரே வாரியம். உள்ளூர் போட்டிக்கு வேணாம், ஐபிஎல்லுக்கு மட்டும் வேணும்னா காரணம் கிரிக்கெட் இல்ல, கல்லாப்பெட்டி.

2027 சீசனோட இந்த நீட்டிப்பு முடியுது. அப்போ மறுபடி ஒரு நீட்டிப்பு, மறுபடி ஒரு 'பரிசீலனை'ன்னு இழுத்தா, அமெரிக்காவோட 1950 நமக்கு 2027. அதுக்கப்புறம் எப்பவாவது ஒரு ஷிவம் துபே வந்து ரெண்டு ஓவர் போட்டா, "ஆஹா, ரெண்டும் பண்றான்பா"ன்னு அதிசயமா பார்த்துட்டு இருக்கலாம்.

11 பேர் ஆட்டம். 11 பேரே ஆடட்டும்.

டிஸ்கி: "அப்போ கீப்பரும் பந்து வீசணுமா"ன்னு கேக்கப் போற நண்பர்களுக்கு: தோனி ஒருநாள் போட்டியில ஒரு விக்கெட் எடுத்திருக்கார், போய்ப் பாருங்க :-)